இருபத்தாறு சின்ன உடுப்புகள்

அத்தியாயம் 11

கோட்டுப் பொத்தான் அறுந்து விழாமல் இருந்திருந்தால் ரலிட்சா அந்தத் தகர டப்பாவைத் திறந்தே இருக்க மாட்டாள்.

டர்னோவோவிலிருந்து அவள் கப்ரோவோவில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பஸ் பிடித்து வந்தது பொத்தான் தைக்க அல்ல. போன ஞாயிற்றுக்கிழமை தம்பி கமென் வியாராவை வீட்டுக்கு அழைத்து வந்து, மே மாதம் கல்யாணம் என்று சொன்னதும், அம்மா நெவேனா கையிலிருந்த சூப்புப் பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பெண் விடைபெற்றுப் போகும்வரை வெளியே வரவில்லை.

அன்று மாலை கமென் கேட்டதற்கு, "இந்தப் பொண்ணு வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. துணிமணியை ஒரு பையில் திணித்துக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போனவன் ஆறு நாளாகியும் திரும்பவில்லை. அப்பா ஸ்டோயன் எந்தப் பக்கமும் பேசவில்லை. கடைசியில் அவர்தான் மகளுக்குப் போன் செய்து, வந்துவிட்டுப் போ என்றார்.

கப்ரோவோவில் வியாராவைக் குறை சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் தம்பதியின் மகள். இப்போது அவளேதான் கடையில் நிற்கிறாள். நெவேனாவின் ரத்த அழுத்த மாத்திரையை நாலு வருஷமாக எடுத்துக் கொடுப்பவளும் அவள்தான். தத்துப் பிள்ளை என்பது தெருவுக்கே தெரியும். பதினெட்டாவது பிறந்தநாளில் அவளுக்கும் சொல்லிவிட்டார்கள்.

அம்மாவுக்கு உறுத்துவது அதுதான் என்று நினைத்தாள் ரலிட்சா. அப்படி இருந்தால் ஒரு கை பார்த்துவிட வேண்டும் என்றே வந்திருந்தாள்.

சனிக்கிழமை காலை அவள் எழுந்தபோது அம்மா வீட்டில் இல்லை. மார்ச் மாதக் கண்காட்சிக்காகப் பொம்மை செய்யும் பெண்கள் எல்லாரும் ஊர்க் கலைமன்றத்தில் கூடித் தைக்கிறார்கள், நெவேனா இல்லாமல் அங்கே வேலை ஓடாது.

அடுக்களையை ஒட்டிய சிறிய அறைதான் நெவேனாவின் பொம்மை அறை. பஞ்சடைத்த கால்கள் ஒரு கூடையில், கைகள் இன்னொரு கூடையில். ஆணியில் தொங்கும் கம்பளி நூல் கற்றைகள், நாளைக்குத் தலைமுடி ஆகப் போகிறவை. செய்தித்தாளில் வெட்டிய அளவுத் துண்டுகள் கொக்கியில் கத்தையாக. அலமாரி முழுக்கப் பொம்மைகள் வரிசை கட்டி உட்கார்ந்திருந்தன. சாப்பாட்டு மேஜையைவிட இங்கேதான் கூட்டம் அதிகம் என்று கமென் கேலி செய்வான்.

தடித்த நூல் தேடி அலமாரியின் அடித்தட்டில் கைவிட்டபோது, துணி உருளைகளுக்குப் பின்னால் அந்த பிஸ்கட் டப்பா தட்டுப்பட்டது. நாடாவால் இரண்டு சுற்று கட்டி முடிச்சுப் போட்டிருந்தது.

உள்ளே ஒரு பொம்மை. ஒன்றரைச் சாண் உயரம். விரல்களைத் தனித்தனியாகத் தைத்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் திருப்பியிருந்தாள். ஆசைப்பட்டுச் செய்யும் பொம்மைக்குத்தான் அம்மா அவ்வளவு மெனக்கெடுவாள். பழுப்புப் பின்னல். இடது காதுக்குக் கீழே பழுப்பு நூலில் ஒரே ஒரு முடிச்சு, மச்சம் மாதிரி.

பொம்மை சிவப்புக் கோட்டுப் போட்டிருந்தது. பொத்தானுக்குப் பதில் மூன்று மரக்கட்டைகள், தீக்குச்சியைச் சீவிச் செய்தவை.

அந்தக் கோட்டை ரலிட்சாவுக்குத் தெரியும். புத்தாண்டுக்குக் கமெனோடு டர்னோவோ வந்தபோது வியாரா அதைத்தான் போட்டிருந்தாள். அவள் காதுக்குக் கீழே மச்சமும் உண்டு.

பிடிக்காத பெண்ணின் உருவத்தில் ஒரு பொம்மை, அதுவும் கட்டி ஒளித்து வைத்திருக்கிறது. ரலிட்சா ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள், செய்வினை, சூனியம் இதையெல்லாம் நம்புகிறவள் அல்ல. இருந்தும் அவள் முதலில் செய்த காரியம், கோட்டைத் தூக்கிப் பொம்மையின் உடம்பில் எங்காவது ஊசி குத்தியிருக்கிறதா என்று பார்த்ததுதான்.

ஊசி இல்லை. தன்மேலேயே வெட்கப்பட்டுக்கொண்டு டப்பாவுக்குள் மறுபடி பார்த்தாள்.

அடியில் மெல்லிய தாளில் பொதிந்த சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வருஷம் எழுதியிருந்தது, அம்மாவின் கையெழுத்தில். மேலே இருந்தது 2008. ஒவ்வொன்றாகப் பிரித்து அறை ஓரத்துக் கட்டிலில் பரப்பினாள். நடுவில் கணுக்கால்வரை நீளும் கரும்பச்சை வெல்வெட் கவுன், ஒரு தோள் மட்டும் மூடியது. பள்ளிப் படிப்பு முடிந்த வருஷத்து நடன விருந்துக்கு வியாரா போட்டுப் போனது. ஒற்றைத் தோளைப் பார்க்கவே அன்று தெருவில் கூட்டம் நின்றது. அதற்கும் கீழே மஞ்சள் மழைக்கோட்டு. கோடு போட்ட பள்ளிக்கூட ஸ்வெட்டர். குஞ்சம் வைத்த தொப்பி. தவழும் வயசுக் குழந்தையின் கால்சட்டை.

கடைசிப் பொட்டலத்தில் ஒரு பச்சிளங்குழந்தைச் சட்டை இருந்தது, கட்டைவிரல் அகலம்கூட இல்லாத கையோடு. 1984 என்று எழுதியிருந்தது.

பொம்மை மேலிருந்த கோட்டோடு சேர்த்து இருபத்தாறு. வருஷத்துக்கு ஒன்று.

போன ஞாயிற்றுக்கிழமை வந்த வெறுப்பில்லை இது. அம்மா இந்தப் பெண்ணைப் பிறந்த நாள் முதல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அடுத்து வந்த எண்ணத்தில் ரலிட்சா கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். இது அம்மாவின் குழந்தையா? விரல்விட்டு எண்ணினாள். வியாரா பிறந்தது எண்பத்து நாலு நவம்பர். கமென் எண்பத்தைந்து மார்ச். அந்த நவம்பரில் அம்மாவுக்கு ஐந்து மாசம். அம்மாவாக இருக்க வழியே இல்லை.

அப்படியானால் மிச்சம் ஒரே ஆள்தான். அந்த ஆள் கீழே நிலவறையில் இருந்தார்.

ஸ்டோயன் திராட்சைக் கொடி வெட்டும் கத்தரிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றபின் அவருக்குப் பிப்ரவரி என்றால் அதுதான். பொத்தான் தைத்தாயிற்றா என்று கேட்டார். ரலிட்சா படியிலேயே நின்றாள். டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் இறங்கியிருந்தாள்.

"அப்பா, எண்பத்து நாலுல நீங்க எந்த வண்டி ஓட்டுனீங்க?"

பின்னலாடை ஆலை பஸ்ஸைத்தான், நைட் ஷிப்ட் பெண்களை இறக்கிவிடுகிற வேலை என்றார். அது வருஷக்கணக்காக ஓட்டிய வண்டி, இப்போது எதற்கு அது?

"வியாராவப் பெத்தவ யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கத்தரி பாதி திறந்தபடி அவர் கையில் நின்றது. எண்ணெய்த் துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உங்கம்மா டப்பாவ எடுத்த இடத்துலயே வெச்சிடு."

ரலிட்சா இன்னொரு படி இறங்கினாள். "நான் டப்பான்னு சொல்லவே இல்லையேப்பா."

அவர் அடுத்த கத்தரியை எடுத்து எண்ணெய் விட ஆரம்பித்தார். மேலே கேட்டதற்கெல்லாம், மத்தியானச் சூப்பைத் தான் பார்த்துக்கொள்வதாகத்தான் பதில் வந்தது.

அவள் டப்பாவை வைக்கவில்லை. பொம்மையை மட்டும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பொத்தான் இல்லாத கோட்டைக் கையால் பிடித்தபடி கலைமன்றத்துக்கு நடந்தாள்.

அங்கே நீள மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள். ஒருத்தி பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தாள், ஒருத்தி கண் எம்ப்ராய்டரி போட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணப் பேச்சு ஊருக்குள் பரவியிருந்தது என்பது அவள் நுழைந்ததும் விழுந்த அமைதியிலேயே தெரிந்தது. மாப்பிள்ளையின் அக்கா வந்தாச்சு, இனி பொம்மைக்கெல்லாம் கல்யாணச் சட்டை தைக்க வேண்டியதுதான் என்று ஒருத்தி சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. நெவேனா கையிலிருந்த பொம்மைக்குக் காலர் மடித்துக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்தாள்.

கோட்டு மாட்டும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியபின் ரலிட்சா பொம்மையை வெளியே எடுத்தாள்.

நெவேனா அதை வாங்கி, முதலில் கசங்கியிருந்த கோட்டைத்தான் நீவிவிட்டாள்.

"உங்கப்பா பாத்தாரா?"

"பாக்கத் தேவையே இல்ல. அவருக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கு."

அது நெவேனாவுக்குத் தெரியாத விஷயம். பக்கத்திலிருந்த பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். நடுநடுவே கதவைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி.

ஆலையில் அவளுக்குப் பக்கத்து மெஷின் டோன்கா. கழிவுத் துணியில் இரண்டு பேரும் சேர்ந்துதான் பொம்மை செய்யக் கற்றுக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் மடியில் வைத்துத் தைப்பார்கள். எண்பத்து நாலில் டோன்காவுக்கு வயிற்றில் பிள்ளை, கல்யாணம் ஆகவில்லை. ஆள் யார் என்று கடைசிவரை சொல்லவில்லை. பிரசவம் ஆன பத்தாம் நாள் கையெழுத்துப் போட்டுக் குழந்தையைக் கொடுத்துவிட்டு, கடற்கரைப் பக்கம் புர்காஸுக்குப் போய்விட்டாள். குழந்தை எந்த வீட்டுக்குப் போனது என்பதை ஒரு நர்ஸ் அவள் காதில் போட்டிருந்தாள். நெவேனா வசிக்கும் இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி.

டோன்கா ஒன்றே ஒன்று கேட்டாள். குழந்தையோடு பேச வேண்டாம், யாரிடமும் சொல்ல வேண்டாம், எப்படி வளர்கிறாள் என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

போட்டோ எடுக்க முடியாது, அடுத்த வீட்டுக் குழந்தையை எதற்கு எடுக்கிறாய் என்று கேட்பார்கள். கடிதத்தில் எழுத முடியாது, டோன்காவுக்கு அங்கே வாய்த்த புருஷன் வருகிற கடிதமெல்லாம் பிரித்துப் படிப்பவன். பொம்மைச் சட்டையை மட்டும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பழைய சிநேகிதி, பழைய பொழுதுபோக்கு. அதனால் வருஷத்துக்கு ஒருமுறை, அந்தக் குழந்தை போட்டிருக்கும் உடுப்பைப் பார்த்து வைத்து, அதேபோல் இரண்டு தைப்பாள். ஒன்று தபாலில் போகும். ஒன்று டப்பாவுக்குள் போகும். அங்கே டோன்காவிடமும் இதே அளவில் ஒரு பொம்மை இருக்கிறது.

ரலிட்சா அம்மாவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். இவ்வளவு நல்ல காரியத்தை ஏன் இத்தனை வருஷம் ஒளிக்க வேண்டும், ஏன் இப்போது அந்தப் பெண்ணை வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று கேட்டாள்.

"நல்ல காரியமா?" நெவேனா பொம்மையை மடியில் குப்புறப் படுக்க வைத்தாள். "துணியப் பாக்குற சாக்குல நான் அவ மூஞ்சியத்தான் பாத்தேன். ஒவ்வொரு வருஷமும்."

"யாரு ஜாடைன்னு பாத்தியா?"

"உங்கப்பா ஜாடை இருக்கான்னு."

வெளியே யாரோ தையல் மெஷினை ஓட்டினார்கள். அது நின்றதும் நெவேனா மீதியையும் சொன்னாள்.

அந்த வருஷம் இளவேனிலில் ஸ்டோயன் நைட் ஷிப்ட் முடித்து முக்கால் மணி நேரம் தாமதமாக வருவார். பஸ்ஸின் கடைசி நிறுத்தம் டோன்கா இருந்த விடுதி. அவள் புர்காஸுக்குப் போன அன்று ரயிலடிவரை கொண்டு விட்டதும் அவர்தான். அதை நெவேனா மூன்று மாசம் கழித்து வேறொருத்தி சொல்லித் தெரிந்துகொண்டாள்.

"இருபத்தஞ்சு வருஷமா அப்பாகிட்ட கேக்கவே இல்லையா நீ?"

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா? அப்ப கமென் வயித்துல. உனக்கு மூணு வயசு. நான் எங்க போறது?" பிறகு, கொஞ்சம் நிதானித்து, "ஒரு வருஷம் அந்தப் புருவம் அவரோடதுன்னு தோணும். அடுத்த வருஷம் இல்லைன்னு தோணும். அப்படியே ஓடிப் போச்சு."

கமென் ஒரு பெண்ணோடு பழகுகிறான் என்பது தெரியும், யார் என்று அவன் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிவப்புக் கோட்டு வாசலில் வந்து நின்றதும்தான் தெரிந்தது. அதை அவள் முந்தின வாரம்தான் தைத்துத் தபாலில் போட்டிருந்தாள். திங்கட்கிழமை காலையில் டோன்காவுக்குப் போன் செய்தாள். உன் பொண்ணும் என் பையனும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள், இப்போதாவது சொல், யார் அந்த ஆள் என்று கேட்டாள்.

"அரை நிமிஷம் அவ மூச்சு மட்டும் கேட்டுது. வெச்சிட்டா. அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல. நான் வேற என்ன நெனைக்கிறது, சொல்லு."

ரலிட்சாவாலும் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. நிலவறையில் பாதி திறந்து நின்ற கத்தரிதான் கண்முன் வந்தது. அம்மாவின் கோட்டைக் கொக்கியிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"வாம்மா. நீ கேக்கலைன்னா நான் கேக்கறேன்."

"நான் கேக்கறேன்" என்றாள் நெவேனா. "அது என் கேள்வி."

வீட்டில் பீன்ஸ் சூப்பின் புதினா வாசனை மாடிப்படிவரை வந்தது. ஸ்டோயன் மூன்று தட்டு வைத்து, ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தார். நெவேனா கோட்டைக் கழற்றவில்லை. பொம்மையை அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள்.

"ஸ்டோயன், இவ அப்பன் நீயா?"

அவர் ரொட்டிக் கத்தியைக் கீழே வைத்தார். கோபம் வரவில்லை, ஆச்சரியமும் வரவில்லை. இந்தக் கேள்வி என்றைக்கு வரும் என்று இருந்தவரைப் போல அவளைப் பார்த்தார்.

"நான் இல்ல."

நெவேனா அசையவில்லை. ஒரு வார்த்தையில் இருபத்தைந்து வருஷம் கரைந்து போகும் என்று எப்போதோ கற்பனை செய்திருந்தாள் போலும். எதுவும் கரையவில்லை. பொய் சொல்கிறவரும் இதே வார்த்தையைத்தானே சொல்வார்.

"நான் தைக்கிறது தெரியுமா உனக்கு?"

"ஒரே வீட்டுல இருக்கேன் நெவேனா. ஒவ்வொரு வருஷமும் ஒரு பொட்டலம் புர்காஸுக்குப் போவுது. தெரியாம இருக்குமா?"

"அப்ப ஏன் நீ ஒண்ணும் கேக்கல?"

"நீயும்தான் கேக்கல."

ரலிட்சா இடையில் வந்தாள். தாமதமாக வந்த ராத்திரிகளுக்கும் ரயிலடிக்கும் என்ன பதில் என்று கேட்டாள். ராத்திரியில் அந்தப் பெண் பஸ்ஸை விட்டு இறங்கப் பயப்படுவாள், அறைக்குள் போய் விளக்குப் போடும்வரை வண்டியை நிறுத்தி வைத்திருப்பேன் என்றார் ஸ்டோயன். யாருக்குப் பயந்தாள் என்பதைக் கேட்காமலே சொல்லிவிட்டார்.

"அந்த ஆளுக்குத்தான். யாருன்னு எனக்குத் தெரியும். அவ சொல்லல, நானே பாத்தேன். யார்கிட்டயும் சொல்லாதன்னு ரயிலேத்தும்போது கையப் புடிச்சிக்கிட்டா."

"பேரச் சொல்லு" என்றாள் நெவேனா.

"உங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி அதத் தெரிஞ்சிக்க வேண்டியவ ஒருத்தி இருக்கா."

"அப்பா, ஒண்ணே ஒண்ணு. கமென் அவளக் கட்டிக்கலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க."

ஸ்டோயன் பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார். அன்று முழுக்க அவர் முகத்தில் பயம் தெரிந்தது அந்த ஒரு கணம்தான்.

கொக்கியிலிருந்து தொப்பியை எடுத்து மாட்டினார். சூப்பு ஆறிப்போகும், நீங்கள் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவருடைய கனத்த காலடி கீழ்த்தளம்வரை கேட்டது.

ரலிட்சா ஜன்னலுக்குப் போனாள். பின்னால் கதவு சாத்தும் சத்தம். திரும்பிப் பார்த்தால் அம்மாவும் இல்லை.

தெருவில் இரண்டு பேரும் தெரிந்தார்கள். முன்னால் அப்பா, இருபதடி பின்னால் அம்மா. அவள் வருவது அவருக்குத் தெரிந்தேயிருக்க வேண்டும், பனி உறைந்த கல்லில் அவள் பூட்ஸ் அவ்வளவு சத்தம் போட்டது. அவர் நிற்கவும் இல்லை, வேகம் கூட்டவும் இல்லை.

மருந்துக்கடைக்குப் போவதென்றால் முனையில் இடது பக்கம் திரும்ப வேண்டும். வியாரா அங்கேதான் இருப்பாள், சனிக்கிழமை மாலை ஐந்துவரை கடை உண்டு.

ஸ்டோயன் வலது பக்கம் திரும்பினார்.

முனைக்கு வந்த நெவேனா சட்டென்று நின்றாள். இடது பக்கம் பார்த்தாள். பிறகு அவர் போன திசையைப் பார்த்தாள். அவள் கை மெல்ல எழுந்து வாயைப் பொத்திக்கொண்டது மேலேயிருந்து பார்த்த மகளுக்கு நன்றாகத் தெரிந்தது.

அந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பின்னலாடை ஆலையைத் தவிர ஒன்றும் இல்லை. அதையும் தாண்டினால் அவர்களுக்குத் தெரிந்த வீடு ஒன்றே ஒன்று. அந்த நாளில் ஆலையின் நைட் ஷிப்டுக்கு மேஸ்திரியாக இருந்தவர், கமெனுக்குப் பேர் வைத்தவர், ஸ்டோயனின் கூடப் பிறந்த அண்ணன் பெட்கோ அங்கே இருக்கிறார்.